கல்லெடுத்தான் வீடு

தன் வீட்டுக்கு ஊர் வைத்த பட்டப்பெயரைத் தானே பையில் சுமந்துகொண்டு தெருத்தெருவாக நடக்கிற விதி, அந்தத் தபால்காரரைத் தவிர வேறு யாருக்கும் வாய்த்திருக்காது. எதிர்வீட்டு மாமாவுக்கு வாரத்துக்கு இரண்டு தபாலாவது வரும். பென்ஷன் ஆபீஸிலிருந்து வரும், வெளியூரில் இருக்கும் மகளிடமிருந்து வரும், ஒரு செடிகூட நடாத மனிதர் எழுதிப் போட்டு வரவழைக்கும் விதைக் கம்பெனி விலைப்பட்டியல் வரும். எல்லாவற்றிலும் விலாசம் ஒன்றுதான்: கல்லெடுத்தான் வீட்டுக்கு எதிர் வீடு. மாமாவே எல்லோருக்கும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார். "அடையாளம் போட்டாத்தானே மாப்ளே தபால் ஒழுங்கா வந்து சேரும்" என்பார். யாரிடம் சொல்கிறார்? அதைக் கொண்டுவந்து கையில் கொடுப்பவரிடமே.

மாமா என்றால் உறவு மாமா இல்லை. பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபது, வாய்க்கு மட்டும் இருபது. மனசில் கள்ளம் கிடையாது. தபால்காரர் காய்ச்சலில் படுத்தபோது, "நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், பையைக் கொடுங்க" என்று தபாலாபீஸில் போய்ச் சண்டை போட்டவர் அவர்தான். ஆனால் கிண்டலுக்கு ஒரு சந்து கிடைத்தால் புகுந்து வராமல் இருக்க அவரால் முடியாது. வெளியூர்க்காரர் யார் வந்தாலும் உட்காரவைத்து, கல்லெடுத்தான் கதையைச் சொல்லி முடித்துத்தான் தண்ணீரே கொடுப்பார்.

கதை இதுதான். ஊருக்குள் நுழைகிற இடத்தில் ரோட்டுக்கு இரண்டு பக்கமும், ஆள் உயரத்துக்கு, இரண்டு மொட்டைத் தூண்கள் நிற்கின்றன. இப்போது அவை நோட்டீஸ் ஒட்டவும், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் முதுகு சாய்க்கவும் உதவுகின்றன. ஒரு காலத்தில் அவற்றின் மேல் கல் வளைவு ஒன்று இருந்தது. கொடியும் பறவையுமாகச் செதுக்கிய வளைவு. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளத்தில் அது சாய்ந்தது. யார் தலையிலாவது விழுவதற்குள் பிரித்து இறக்கி ஆற்றோரம் குவித்தார்கள். அப்புறம் கட்டிக்கொள்ளலாம் என்றார்கள். ஊர்ப் பொதுக் காரியத்தில் அப்புறம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். மறுவருஷம் ஆறு மறுபடி பொங்கியது. ஊரே சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறியது. தண்ணீர் வடிந்தபின் வந்து பார்த்தால் ஆற்றோரத்தில் ஒரு கல்கூட இல்லை. ஆறுதான் கொண்டுபோயிற்று என்று முதலில் நினைத்தார்கள். பிறகு பார்த்தால், மாட்டுவண்டி வைத்திருந்த ஒருவர் வீட்டுக் கொல்லையில் புதுச் சுவர் ஒன்று நின்றது. அந்த ஒருவர் தபால்காரரின் கொள்ளுத்தாத்தா.

"இனிமேதான் கதையே இருக்கு" என்று மாமா இந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவார். "அதுக்குள்ள ஆள் ஏதோ வேலையிருக்குன்னு வெளியூர் கிளம்பிட்டான். போனவன் போனவன்தான். காய்ச்சல்ல அங்கயே முடிஞ்சுபோச்சுன்னு பின்னாடி சேதி வந்துச்சு. அதுக்கு முன்னாடியே ஊர்க்காரங்க போய்ப் பொண்டாட்டிகிட்ட கேட்டிருக்காங்க. அந்தம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா? 'ஆமா, அவருதான் எடுத்து வெச்சாரு. வந்தா சொல்லுவாரு'ன்னுச்சு. வாக்குமூலம். கட்டின பொண்டாட்டி வாயாலயே வாக்குமூலம்."

ஊர் போய்ச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தது. எல்லாம் மொட்டை முகம். செதுக்கு வேலை ஒரு விரற்கடைகூட இல்லை. நிரூபிக்க முடியாததால் பெயர் வைத்தார்கள். நிரூபித்திருந்தால் ஓர் அபராதத்தோடு போயிருக்கும். பெயரோ நாலு தலைமுறைக்கு ஒட்டிக்கொண்டது.

தபால்காரரின் அப்பா கோபக்காரர். "எங்க வீட்டுல ஒரே ஒரு செதுக்கின கல்லைக் காட்டு, நான் ஊரை விட்டே போயிடறேன்" என்று டீக்கடையில் மேஜையைத் தட்டுவார். தபால்காரர் சாதுவான மனிதர், மேஜையைத் தட்ட மாட்டார். ஆனால் அதே வார்த்தையை அவரும் சொல்லியிருக்கிறார், போன வருஷம்கூட. பெயரை நினைத்தே அவர் வாழ்க்கை முழுவதும் விறைப்பாகப் போயிற்று. யாருக்கோ வந்த பார்சலின் ஓரம் கிழிந்திருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. வீடுவீடாகப் போய், "நான் வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு" என்று யாரும் கேட்காமலேயே சொல்லுவார். திருடன் வீட்டுப் பிள்ளை என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயம். பாவம், அப்படி யாரும் நினைக்கவில்லை. பட்டப்பெயர் வைத்தவர்களுக்கு அது வெறும் விலாசமாகத்தான் இருந்தது. சுமப்பவருக்குத்தான் கனம்.

அந்த வருஷம் கொல்லைப்புறத்தை இடித்துவிட்டு இரண்டு அறை கட்டத் தீர்மானித்தார்கள். அவர் மனைவி துணி தைப்பவள். தையல் மிஷின் அடுப்புக்கு இரண்டடி தள்ளி இருந்ததால் ஊர்ப் பெண்களின் ரவிக்கை எல்லாம் அவள் வீட்டுச் சமையல் மணத்தோடுதான் போய்ச் சேர்ந்தது. அவளுக்கு மிஷின் போட ஓர் அறை வேண்டும். அவருக்கு உள்ளூர இன்னொரு ஆசை. பழைய சுவர் போய்விட்டால், புதுசாக வெள்ளையடித்த வீடு நின்றால், ஊர் கொஞ்சம் கொஞ்சமாக 'புது வீடு' என்று சொல்லப் பழகிவிடாதா? இதை மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரியும்.

பக்கத்து டவுனிலிருந்து ஒரு கொத்தனாரம்மா வந்தாள். நாற்பது வயசு இருக்கும். அவள் கட்டுவாள், அவள் வீட்டுக்காரர் கலவை போடுவார். அவர் பேசி யாரும் கேட்டதில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசுவாள். முதல் நாள் அஸ்திவாரக் குழி எடுத்தார்கள். இரண்டாம் நாள் பழைய சமையலறைக் கூரையைப் பிரித்தார்கள். தாத்தா அந்தப் பழைய சுவரில் சாய்த்துத்தான் சமையலறையை இறக்கியிருந்தார். பிறகு அப்பா இரண்டு பக்கமும் சிமெண்ட் பூசியிருந்தார். கூரை போனதும் சுவர் தனியாக நின்றது. இடுப்புயரத்துக்கு மேல் கொஞ்சம், நல்ல பருமன்.

மூன்றாம் நாள் மத்தியானம் தபால்காரர் சாப்பிட வந்தபோது மனைவி தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தாள். கொத்தனாரம்மா கடப்பாரையால் பூச்சை உடைத்து, சுவரின் மேல் வரிசையில் முதல் கல்லை நெம்பிக்கொண்டிருந்தாள். கல் ஆடியது. அவள் வீட்டுக்காரர் ஒரு முனையைப் பிடிக்க, இருவரும் இறக்கி மண்ணில் புரட்டினார்கள். சுவருக்குள் பார்த்திருந்த முகம் வானத்தைப் பார்த்தது.

அதில் ஒரு கொடி இருந்தது. கொடியின் அடி, வேரோடு. நாலு வேர் விரல்கள் கல்லைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் போலச் செதுக்கியிருந்தான் ஒருவன்.

"சார், இங்க பாருங்களேன்" என்றாள் கொத்தனாரம்மா. "எவ்ளோ அழகா இருக்கு."

தபால்காரர் பார்த்தார். அப்பா மேஜையைத் தட்டிய சத்தம் காதில் கேட்டது. எல்லாம் உண்மை. எதிர்வீட்டு மாமா சொன்ன கதை அட்சரம் பிசகாமல் உண்மை. செதுக்கிய பக்கத்தை உள்ளே திருப்பி, மொட்டைப் பக்கத்தை வெளியே காட்டி, அந்த மனிதர் களவை ஒளித்துவைத்திருக்கிறார். நாலு தலைமுறையாக அதற்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

"உடைச்சுடுங்க" என்றார்.

"எதை?"

"அந்தக் கல்லை. உடைச்சு அஸ்திவாரத்துல போட்டுடுங்க."

கொத்தனாரம்மா கடப்பாரையைக் கீழே வைத்தாள். "சார், நான் பத்தொன்பது வருஷமா கட்டடம் கட்றேன். மொட்டைக் கல்லா இருந்தா இந்நேரம் உடைச்சிருப்பேன். இதை உடைக்க எனக்குக் கை வராது. ஓரமா போட்டு மூடி வெச்சுக்கலாம்."

"எதிர்வீட்டுல பார்த்துடுவாங்க."

"பார்த்தா என்ன?"

பார்த்தால் என்ன என்பதை வெளியூர்க்காரிக்கு எப்படி விளக்குவது? அதற்குள் அவள் வீட்டுக்காரர் கடப்பாரையை எடுத்து நெம்பியதில் அடுத்த கல்லும் வந்தது. அதிலும் வேர், அதே வேர், ஆனால் மறுபக்கம் பார்த்தது. அதற்கடுத்ததில் ஒரு பறவை கழுத்தைத் திருப்பித் தன் முதுகைக் கோதிக்கொண்டிருந்தது. தெருவில் மாமாவின் இருமல் கேட்டது. தபால்காரர் யோசிக்கவே இல்லை. சம்மட்டியை எடுத்தார். வாழ்நாளில் ரப்பர் ஸ்டாம்பைத் தவிர வேறெதையும் ஓங்கிக் குத்தியறியாத கை அது. முதல் அடி நழுவிற்று. இரண்டாவது அடியில் வேர் தெறித்தது. பறவை நாலு அடி தாங்கியது. மூன்றையும் உடைத்து, துண்டுகளைத் தானே வாரிக் குழியில் போட்டார். கொத்தனாரம்மா அவரைத் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. சொந்தக்காரர் சொத்து, அவள் என்ன சொல்ல முடியும். அவள் வீட்டுக்காரர் மட்டும் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"இன்னிக்கு அந்தக் குழிக்குக் கான்கிரீட் போட்டுடுங்க" என்று மூச்சு வாங்கச் சொன்னார் தபால்காரர். "மிச்சம் வர்ற கல்லை எல்லாம் தார்ப்பாய் போட்டு மூடி வைங்க. நாளைக்கு லீவு சொல்லிட்டு வந்து நானே பார்த்துக்கறேன்."

சாப்பிடாமலே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்றைக்கு மூன்று தபாலை வீடு மாற்றிக் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷ வேலையில் அதுவே முதல் தடவை.

மறுநாள் காலையில் கொல்லைக் கதவைத் திறந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தார்ப்பாய் மடித்து ஓரமாகக் கிடந்தது. கற்களெல்லாம் கழுவித் துடைத்து, முற்றம் முழுக்க, ஒன்றையொன்று தொட்டபடி வளைவாகப் படுத்திருந்தன. கொடி ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு அறுபடாமல் ஓடியது. நடுவில் கொத்தனாரம்மா குந்தி உட்கார்ந்து ஒரு கல்லின் பக்கவாட்டைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில், கையில் கத்தரிக்கோலோடு, தபால்காரரின் மனைவி.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றார்.

"கோச்சுக்காதீங்க சார். அழுக்கோட மூடி வைக்க மனசு வரல. கழுவினேன். கழுவினப்பதான் இதைப் பார்த்தேன். வாங்க, வந்து உட்காருங்க."

அவள் காட்டிய இடத்தில் உளியால் கீறிய கோடுகள் இருந்தன. ஒரு நீளக் கோடு, இரண்டு குட்டைக் கோடு.

"நீளம்னா பத்து. குட்டைன்னா ஒண்ணு. இது பன்னெண்டு. எல்லாக் கல்லுலயும் இருக்கு. அந்தக் கடைசிக் கல்லு முப்பத்தொண்ணு. நடு உச்சியில கடைசியா இறக்குவோமே, பூட்டுக்கல்லு, அதான். இந்த ஒத்தைப்படை எல்லாம் இடது பக்கம், ரெட்டைப்படை வலது பக்கம். கட்டுற வரிசைப்படி நம்பர் போட்டிருக்காங்க."

"போட்டா?"

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க. பிரிச்ச கல்லுக்கு எதுக்கு நம்பர் போடுவோம்? திருப்பிக் கட்டத்தான். சுவர்ல அடுக்கியிருந்த விதத்தைப் பாருங்க. பூட்டுக்கல்லு எல்லாத்துக்கும் அடியில. முதல்ல வேண்டிய கல்லு எல்லாத்துக்கும் மேல. பிரிக்கப் பிரிக்க வரிசையா கைக்கு வரணும்னு அடுக்கியிருக்காரு. அந்தக் காலத்துல சுண்ணாம்புல கட்டுவாங்க. இவரு வெறும் மண்ணுல கட்டியிருக்காரு. சுண்ணாம்பு பிடிச்சா கல்லை விடாது, எடுக்கும்போது பூவேலை பேந்துடும். செதுக்கின முகத்துக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவுல வைக்கோல் திணிச்சிருக்காரு. கல்லுக்கு மெத்தை போட்டுப் படுக்க வெச்ச ஆளை நான் இப்பத்தான் பார்க்கறேன்."

தபால்காரரின் மனைவிதான் பேசினாள்.

"அந்தம்மா சொன்னதும் அதானேங்க. 'எடுத்து வெச்சாரு'ன்னுதானே சொன்னாங்க? உங்களுக்கு நான் தினமும் சாப்பாடு எடுத்து வெக்கிறேன். அதுக்குத் திருடி வெக்கிறேன்னா அர்த்தம்? இந்த ஊரு 'எடுத்தாரு'வை மட்டும் காதுல வாங்கிக்கிட்டு 'வெச்சாரு'வை அப்படியே விட்டுடுச்சு."

நூறு வருஷமாக எல்லோர் வாயிலும் புரண்ட வாக்கியம். மாமா குரலைத் தாழ்த்தித் தாழ்த்திச் சொன்ன வாக்கியம். ஊர் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு ஓடிய வாரத்தில், ஒரு மனிதர் தன் வண்டியில் ஊரின் வளைவை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். எங்கே கிளம்பிப் போனார் என்று யாருக்கும் தெரியாது. வளைவு தூக்கத் தெரிந்த ஆளைத் தேடித்தான் போயிருப்பார் என்றாள் கொத்தனாரம்மா. இருக்கலாம். தபால்காரருக்கு அழுகை வந்தது. ஒரு முழு நிமிஷம் அவர் சந்தோஷமாக இருந்தார், அவர் அப்பா ஒரு நாளும் இருந்திராத சந்தோஷம்.

பிறகு அவர் கண் வளைவின் இரண்டு காலடிக்கும் போனது. கொடி இரண்டு பக்கமும் பாதியில் தொடங்கியது.

"முதல் நம்பர்..." என்றார்.

"நாலுல ஆரம்பிக்குது சார்" என்றாள் கொத்தனாரம்மா. குனிந்து பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்தாள். "ஒண்ணு ரெண்டு மூணு எங்கன்னு நான் யாருக்கும் சொல்லல."

குழி நேற்று மத்தியானமே மூடியாகிவிட்டது. மேலே கான்கிரீட் இறுகி, வெயிலில் வெளுத்துக் கிடந்தது. அதன் மேல்தான் அவர் வீடு நிற்கப் போகிறது.

கொல்லைக் கதவு சும்மா சாத்தியிருந்தது. மாமாவுக்கு மூக்கு வியர்க்க அதற்கு மேல் என்ன வேண்டும். "என்ன மாப்ளே, வேலைக்குப் போகலையா" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர் முற்றத்தைப் பார்த்து அப்படியே நின்றார். நின்றது கொஞ்ச நேரம்தான். "ஐயோ, வந்து பாருங்கப்பா" என்று தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அரை மணி நேரத்தில் கொல்லை நிறைந்துவிட்டது. டீக்கடைக்காரர் பாலை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். கொத்தனாரம்மா ஒவ்வொருவருக்கும் கோடுகளைக் காட்டிக் காட்டி அலுக்காமல் சொன்னாள். மண், வைக்கோல், வரிசை. தபால்காரரின் மனைவி 'எடுத்து வெச்சாரு'வைச் சொன்னாள். நாலு பெண்கள், "அட, ஆமாமில்ல" என்றார்கள். வயசான ஒருவர் பூட்டுக்கல்லைத் தொட்டுவிட்டுக் கையைக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

மாமா மட்டும் வளைவைச் சுற்றிச் சுற்றி நடந்தார். எழுத்தராக இருந்தவர் கண் வரிசை எண்ணில்தான் போய் நிற்கும்.

"இது நாலு. இது அஞ்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு எங்கப்பா?"

தபால்காரர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "ஆறு கொண்டுபோயிருக்கும் மாமா." அவளுக்கு ஒன்றும் தெரியாது. நல்ல மனசோடுதான் சொன்னாள்.

"ஆமா" என்றார் தபால்காரர். "ஆறுதான் கொண்டுபோயிருக்கும்."

சொன்ன உடனே ஒரு நிம்மதி வந்ததை மறைத்துப் பயனில்லை. கொத்தனாரம்மா பிரஷ்ஷை உதறிக்கொண்டிருந்தாள். யாரையும் பார்க்கவில்லை.

"ஆறா?" மாமா தாடையைத் தடவினார். "முப்பத்தொரு கல்லு குவிஞ்சு கிடக்கு. அதுல ஒண்ணு ரெண்டு மூணுன்னு நம்பர் பார்த்து வரிசையா எடுத்துச்சாக்கும் ஆறு? பள்ளிக்கூடத்துல படிச்ச ஆறா இருக்கும்." கூட்டம் சிரித்தது. மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இல்ல மாப்ளே, நான் சொல்றேன். உங்க கொள்ளுத்தாத்தா நல்லவர்தான், ஒத்துக்கறேன். இருபத்தெட்டைப் பத்திரமா வெச்சிருக்காரு. கூலிக்கு ஒரு மூணைத் தள்ளிவிட்டிருப்பாரு. மனுஷன்தானே. போனா போகுது, பேரை அடியோட மாத்த வேண்டாம். மூணு கல்லெடுத்தான்னு திருத்திக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, பிரியமான சிரிப்புதான். தபால்காரருக்கும் உதடு பழக்கத்தில் விரிந்தது. இத்தனை வருஷமாக இதற்குச் சிரித்து வைத்துத்தான் பழக்கம். ஒரு வார்த்தை சொல்லாமல் இப்படியே சிரித்துக்கொண்டிருந்தால் போதும், விஷயம் முடிந்துவிடும். பழி போய்ச் சேருகிற ஆள் இதைக் கேட்கப் போவதில்லை.

ஆனால் அந்த மனிதர் வைக்கோலைத் திணித்த விதம் அவர் கண்ணில் நின்றது. கொடியின் ஒரு நுனிகூட முறியாமல் நூறு வருஷம் காத்துக் கொடுத்திருக்கிறார். கொடுத்த கைக்கு, அவர் சொந்தப் பேரனின் மகன், ஒரு மத்தியானத்தில் செய்த வேலைக்காக, இன்னொரு நூறு வருஷம் திருட்டுப் பட்டம் கட்டுவதா? தபால்காரருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அவர் மூணு கல்லும் எடுக்கல" என்றார்.

சிரிப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார். "அவர் எடுக்கல. ஒண்ணும், ரெண்டும், மூணும் நேத்து வரைக்கும் இந்தச் சுவர்லதான் இருந்துச்சு. நேத்து மத்தியானம் நான் உடைச்சேன். சம்மட்டியால. அந்தக் குழிக்குள்ள கிடக்கு."

அவர் கை நீட்டிய இடத்தை எல்லோரும் பார்த்தார்கள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, சிமெண்ட்தான் இருந்தது. மனைவியின் கையிலிருந்த கத்தரிக்கோல் திறந்தபடியே நின்றது. டீக்கடைக்காரருக்குத் திடீரென்று பால் ஞாபகம் வந்திருக்க வேண்டும், ஆனால் நகரவில்லை.

"உடைச்சியா?" என்றார் மாமா. "நீயா? எதுக்குப்பா?"

"நீங்க பார்த்துடுவீங்கன்னுதான் மாமா."

குத்திக்காட்டச் சொல்லவில்லை. மாமா கேட்டார், உண்மையான பதில் அது ஒன்றுதான் இருந்தது. "ரெண்டு கல்லுல வேர் இருந்துச்சு. ஒண்ணுல பறவை. நல்லாத்தான் இருந்துச்சு. உங்க இருமல் சத்தம் கேட்டுச்சு. சம்மட்டியை எடுத்துட்டேன்."

மாமா வாயைத் திறந்தார். அந்த வாயில் வார்த்தை தயாராக இல்லாமல் ஊர் பார்த்தது அன்றைக்குத்தான். மூடிக்கொண்டார். அடுக்கியிருந்த செங்கல்லின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். யாரோ, "சரி விடுங்க, தெரியாம நடந்தது" என்றார்கள். தெரியாமல் நடக்கவில்லை என்று தபால்காரருக்குத் தெரியும். சொல்லிவிட்டதால் பாரம் இறங்கியது என்றெல்லாம் இல்லை. கல் உடைந்தது உடைந்ததுதான்.

"அந்த மூணுக்கும் புதுசா கல்லு வெட்டிக் கொடுத்தா வளைவு நிக்கும்" என்றாள் கொத்தனாரம்மா, இதுவரை நடந்தது எதுவும் தன் காதில் விழாததைப் போல. "பூவேலை இருக்காது. மொட்டையாத்தான் இருக்கும். ரெண்டு காலுக்கும் முதல் கல்லு, ஆள் தலைக்கு நேர் மேல வரும். போறவங்க வர்றவங்க எல்லாருக்கும் தெரியும், கேப்பாங்க."

"கேக்கட்டும்" என்றார் தபால்காரர். "நான் சொல்லிக்கறேன்."

"அப்ப இதையெல்லாம் வெயில்லயும் மிதியிலயும் விடாதீங்க. நாலாம் நம்பர்லேருந்து ஒவ்வொண்ணா முன் அறைக்குக் கொண்டு போங்க. ஒரு கல்லுக்கு ரெண்டு பேர்."

தபால்காரர் குனிந்து நாலாம் கல்லின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனைக்கு டீக்கடைக்காரர் வந்தார். அவரைத் தள்ளிக்கொண்டு மாமா வந்து குனிந்தார். "உங்களால முடியாது மாமா, கனம்" என்றார் தபால்காரர். மாமா காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் தூக்கினார்கள். பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக வைத்து முற்றத்தைக் கடந்தார்கள். நிலைவாசலுக்கு வந்தபோது மாமாவுக்கு இரைத்தது, கழுத்து நரம்பு புடைத்தது. விடவில்லை. கூட்டத்துக்குக் கேட்காத குரலில், கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"யாராவது கேட்டா மூணையும் நீயே உடைச்சதா சொல்லிடாதே மாப்ளே. அதுல ரெண்டு என் வாய் உடைச்சது."

வாசற்படி இருக்கிறது, பார்த்துக் காலை வையுங்கள் என்று மட்டும் சொன்னார் தபால்காரர்.